தோல் முளைக்கிற இடம்

ஆட்டுத்தோலைக் கண்ணால் எடைபோடுகிறவர்கள் உண்டு, மூக்கால் எடைபோடுகிறவர்கள் உண்டு. கிதர் முகம்மது கட்டைவிரலால் எடைபோடுவார். பேகம்பூருக்குப் பின்னால் இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில், மரப்பட்டைச் சாறான பட்டைத்தண்ணியில் ஊறி வெளியே வந்து காய்ந்த தோல்கள் அவர் முன்னால் குவிந்திருக்கும். ஒன்றை உருவி மடியில் விரித்து, கழுத்திலிருந்து வால்வரை கட்டைவிரலை ஓட்டுவார். விரல் எங்காவது தட்டினால் முகம் லேசாகச் சுருங்கும்.

"இது சாணார்பட்டிப் பக்கத்து ஆடு. முள்ளுக்காட்டுல மேஞ்சிருக்கு. உடம்பெல்லாம் கீறல்."

கீறல் ஆறி வரிவரியாகத் தடித்த தோல் இடதுபக்கம் போய் விழும். அது இரண்டாம் தரம். ஆத்தூர் அணைப்பக்கம் பசும்புல்லில் மேய்ந்து வளர்ந்த ஆட்டின் தோல், விரலுக்குக் கீழே தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அது வலதுபக்கம். பதினேழு வயதில் அந்த ஷாப்புக்குள் நுழைந்தவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். ஊறப்போடுகிற வேலை, சுண்ணாம்புக் குழி, தோலில் ஒட்டிய சதை வாங்குகிற கத்தி, பட்டை டிரம் என்று எல்லாவற்றிலும் நின்று கடைசியில் தரம் பிரிக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர். இடது உள்ளங்கையில் குறுக்காக ஒரு பழைய தழும்பு. சேர்ந்த புதிதில் சதை வாங்கும் கத்தி வழுக்கியதில் வந்தது. அந்தக் கையை நீட்டித்தான் வத்தலக்குண்டிலிருந்து சைதூனை நிக்காஹ் முடித்துக் கூட்டிவந்தார். ஒரே மகள் மஹ்ஜபீன். இப்போது அடுத்த தெருவில் குடியிருக்கிறாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனை தோல் அவர் கைவழியே போயிருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் உயிருள்ள தோலை அவர் ஒருநாளும் தோலாக நினைத்துப் பார்த்ததில்லை. தோல் என்றால் ஓர் உயிர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பொருள். ஈரமாக விட்டால் அழுகும். காயவைத்து, பட்டைச்சாறு ஏற்றினால் நிற்கும். உரித்தது உரித்ததுதான், திரும்ப வராது. அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவுதான்.

இந்தப் பாடத்தோடுதான் அவர் தன் காலுக்கும் வைத்தியம் பார்த்தார்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், சுண்ணாம்புக் குழிப்பக்கம் ஆள் குறைந்ததால் ஒத்தாசைக்குப் போனார். குழியின் விளிம்பில் போட்டிருந்த பலகை சரிந்தது. வலதுகால் முழங்கால்வரை உள்ளே போய், ரப்பர் பூட்ஸ் நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டார், பூட்ஸைக் கவிழ்த்து ஊற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சுண்ணாம்பு அப்படித்தான், சுடும்போது சொல்லாது. மதிய லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபோது, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, ஊறப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி வெளுத்துத் தொங்கியது.

பெரியாஸ்பத்திரியில் கழுவி மருந்து வைத்துக் கட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். கொஞ்ச நாள் போனார். கட்டு எப்போதும் ஈரமாகவே இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஈரத்துலயே வச்சிருந்தா அழுவாம என்ன செய்யும்?" என்று சைதூனிடம் சொன்னார். "எனக்குத் தெரியாத தோலா?"

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினார். ஷாப்பிலிருந்து ஒரு பிடி கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கிவந்து காய்ச்சி, அந்தச் சாற்றால் புண்ணைக் கழுவிக் காற்றாட வைத்தார். இரண்டு வாரத்தில் புண்ணுக்கு மேலே கறுப்பாக ஒரு பொருக்குக் கட்டியது. நகத்தால் தட்டிப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது. முகத்தில் பெருமை தெரிந்தது.

"பதமாயிருச்சு புள்ள."

சைதூன் தன் பங்குக்குப் பத்தியம் வைத்தாள். புண் இருக்கிறவன் முட்டை தின்றால் சீழ் வைக்கும், கருவாடு ஆகாது, கத்தரிக்காய் அரிக்கும், கறி சூடு, புளிப்பு பட்டால் புண் வாயைப் பிளக்கும் என்பது அவள் அம்மா வீட்டுச் சட்டம். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி எதுவும் அவர் தட்டுப்பக்கம் வரக் கூடாது. மூன்று வேளையும் இட்லி, இல்லாவிட்டால் மிளகுத் தண்ணியும் சோறும். வெஞ்சனம் என்று கேட்டால் சுட்ட அப்பளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருவே பிரியாணி மணக்கும்போது அவர் மிளகுத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருப்பார். பேட்டையே மெலிந்தாலும் மெலியாத மனுஷர் என்று பெயரெடுத்தவர், சட்டைக்குள் உடம்பைத் தேட வேண்டியதாகிவிட்டது.

பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்தது. மஹ்ஜபீன் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற அறையில் இனிகோ இருந்தான். ஆத்தூர்க்காரன், முப்பது வயதிருக்கும் ஆண் நர்ஸ். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அவன் காலைப் பார்த்தான், பொருக்கைத் தட்டிப் பார்த்தான், நிமிர்ந்தான்.

"என்ன பாய், பாதி பூட்ஸ் தச்சிட்டீங்க போல. மிச்சம் பாதி எப்ப?"

மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாக அந்தக் கறுப்பை எடுத்தான். கீழே சீழ். சீழுக்குக் கீழே புண்ணின் தரை வெளிறி, பழைய சாதம் மாதிரிக் கிடந்தது. ஆறியதாக அவர் நினைத்திருந்த அத்தனை நாளும் அது மூடிக்குக் கீழே பட்டினி கிடந்திருக்கிறது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். சீழுக்கு மருந்து எழுதினார். பிறகு சொன்னார்: "தரை நல்லா செவக்கணும். செவந்து ஓரத்துலேர்ந்து தோல் தானா வந்து மூடிக்கிட்டா சரி. இல்லன்னா தொடையில இருந்து மெல்லிசா தோல் எடுத்து இதுல வைக்கணும். கொஞ்ச நாள் பாப்போம்."

கிதர் முகம்மதுவுக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. தோல் எடுத்து.

வீட்டுக்கு வந்தார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, வேட்டிக்கு மேலாகத் தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தானாகக் கழுத்திலிருந்து வாலுக்கு ஓடுகிற மாதிரி ஓடியது. சைதூன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க?"

"வேற என்ன செஞ்சாலும் சரி. என்னைய உரிக்க மட்டும் விட்டுராத."

அவர் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலமே விஷயம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. மஹ்ஜபீன் பஸ் ஸ்டாண்டு அருகே மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் ஃபாரிஸ் பழனி ரோட்டில் ஒரு ஜிம்மின் முன்பக்கத்தில் கடை வைத்திருக்கிறான். சதை வளர்க்கிற பையன்களுக்குப் பெரிய பெரிய டப்பாக்களில் மாவு விற்கிறவன். இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள், ஆளுக்கு ஒரு பையோடு.

ஃபாரிஸ் பையிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து நடுவில் வைத்தான். "மாமா, இது அமினோ ஆசிட். உடம்புல சதை, தோலு, நகம் எல்லாமே இதுலதான் ஆவுது. தண்ணியில ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிங்க."

"ஹலாலா மாப்ளே?" என்றாள் சைதூன்.

"பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாருங்க மாமி. செடியிலேர்ந்து எடுக்குறது."

மஹ்ஜபீன் ஒரு சின்ன மாத்திரை அட்டையை அந்த டப்பாவுக்கு எதிரே வைத்தாள். யானைக்கு முன்னால் எலியை வைத்த மாதிரி இருந்தது. "அத்தா, இது வைட்டமின் சி. சப்பிச் சாப்பிடலாம், ஆரஞ்சு வாசம். காயம் ஆற இதத்தான் டாக்டருங்க எழுதுவாங்க. எங்க கடையில தெனம் போவுது."

"ஜலதோசத்துக்குப் போவுது," என்றான் ஃபாரிஸ். "மிஞ்சுனதெல்லாம் மூத்திரத்துல போயிரும். காச எடுத்துச் சாக்கடையில ஊத்துற மாதிரி."

"உங்க மாவு மட்டும் மிஞ்சுனா எங்க போவுதாம்? அதுவும் யூரியாவா மாறி அதே வழியிலதான். ஜிம்முல இத யாரும் சொல்லித்தரலையாக்கும்."

"மூத்திரத்த விடுங்க ரெண்டு பேரும்," என்றார் கிதர் முகம்மது. "எது நல்லதுன்னு நான் பாத்துக்கிடுறேன்."

ஷாப்பில் இரண்டு பட்டைகளில் எது உயர்வு என்று தெரியாவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தோலை முதுகெலும்புக் கோட்டில் இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியை இந்தச் சாற்றிலும் மறு பாதியை அந்தச் சாற்றிலும் போடுவார்கள். ஒரே ஆடு, ஒரே வயசு, ஒரே மேய்ச்சல். வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது நல்ல சாறு என்று குருடனுக்கும் தெரிந்துவிடும். தன் புண்ணை அப்படி வகிர முடியாது என்பதால், நாளை வகிர்ந்துகொண்டார். முதலில் மாப்பிள்ளையின் மாவு மட்டும். டப்பாவில் ஒரு பகுதி தீர்ந்ததும் அதை நிறுத்திவிட்டு மகளின் மாத்திரை மட்டும். பத்தியம் இரண்டுக்கும் பொது. அதே இட்லி, அதே மிளகுத் தண்ணி.

இப்போது கட்டுக்கு ஒழுங்காகப் போனார். ஒவ்வொரு முறை இனிகோ துணியைப் பிரிக்கும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சீழ் வருவது நின்றிருந்தது. ஆனால் தரை சிவக்கவில்லை. மாவு குடித்த நாட்களிலும் வெளிறல், மாத்திரை சப்பிய நாட்களிலும் அதே வெளிறல். இரண்டு பாதியும் ஒரே நிறத்தில் வெளியே வந்த தோலை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சைதூனும் கூட வந்திருந்த ஒரு நாளில் அவர் இனிகோவிடம் இதைச் சொல்லிவிட்டார். தோலை வகிர்வது, நாளை வகிர்ந்தது, எல்லாவற்றையும். இனிகோ பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நல்ல ரோசனைதான். சரி, சாப்பாடு என்ன சாப்பிடுறீங்க?"

"இட்லி. மிளகுத் தண்ணி சோறு."

"தொட்டுக்க?"

"அப்பளம்."

"முட்டை?"

"புண்ணு இருக்குல்ல தம்பி," என்றாள் சைதூன், இது தெரியாதா என்கிற குரலில்.

"கறி, மீனு, பருப்பு?"

"சூடு."

"எலுமிச்ச, நெல்லிக்கா, தக்காளி, கொய்யா?"

"புளிப்பு ஆகாதுல்ல."

இனிகோ பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல்முறையாக அவன் கிண்டலில்லாமல் பேசினான்.

"பாய், எங்க ஊருப்பக்கம் தேங்கா நாருல கயிறு திரிப்பாங்க, பாத்திருக்கீங்கள்ல? நாரச் சேத்துப் புரி, மூணு புரிய முறுக்கிக் கயிறு. உங்க தோலும் அப்படித்தான். மேலாப்புல இருக்குறத விடுங்க. அடியில கெட்டியா இருக்கே, நீங்க பட்டைத் தண்ணியில ஊறப்போட்டு எடுக்குறீங்களே, அது பூராம் கயிறு. கண்ணுக்குத் தெரியாத கயிறு. மூணு மூணு புரியா முறுக்குனது."

கிதர் முகம்மது தன் முழங்கைத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"முட்டை, கறி, பருப்பு எது தின்னாலும் வயித்துக்குள்ள போயி நாரு நாராப் பிரியும். அந்த நாருதான் உங்க மாப்ள டப்பாவுல இருக்குற அமினோ ஆசிட். உடம்பு அத எடுத்துப் புரியாக்குது."

"அப்ப மாப்ள சொன்னதுதான்…"

"இருங்க. முறுக்குன புரி பிரிஞ்சுராம நிக்கணும். அங்கங்க புடிப்பு விழணும். அந்தப் புடிப்பு விழ வைக்கிற வேலைக்கு வைட்டமின் சி வேணும். அது இல்லன்னா எம்புட்டு நாரு கொடுத்தாலும் கயிறு பிரிஞ்சு பிரிஞ்சு போயிரும். நாரே இல்லாம வெறும் சி மட்டும் இருந்தா, முறுக்க ஒண்ணுமில்லாம கைய வீசிக்கிட்டு நிக்கும். நீங்க ஒரு வாட்டி நாரக் கொடுத்துட்டு புடிப்புப் போடுற ஆளத் தொரத்திட்டீங்க. அடுத்த வாட்டி ஆளக் கூப்புட்டு நாரப் புடுங்கிட்டீங்க. அதுலயும் ஒரு ஸ்பூன் மாவு எம்மாத்திரம்? நீங்க இருக்குற பட்டினிக்கு உடம்பு அத அடுப்புல போட்டு எரிச்சிருக்கும், உசுரு ஓடணும்ல."

சைதூன் முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

இனிகோ அதைக் கவனித்திருக்க வேண்டும். பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "பழைய காலத்துல கப்பல்ல மாசக்கணக்காப் போவாங்களாம் பாய். உப்புக்கறி இருக்கும், ரொட்டி இருக்கும். காயில்ல, பழமில்ல. நாரு இருக்கு, புடிப்புப் போட ஆளில்ல. மொதல்ல ஈறு வீங்கும், பல்லு ஆடும். அப்புறம் நடக்கும் பாருங்க ஒண்ணு. சின்ன வயசுல பட்டு, ஆறி, மறந்தே போன பழைய வெட்டெல்லாம் திரும்ப வாயத் தொறந்துக்குமாம்."

"ஆறுன புண்ணா?"

"ஆறுன புண்ணுதான்."

"ஆறுனது எப்படிப்பா தொறக்கும்?"

"ஆறிருச்சுன்னு நாமதான் நெனச்சுக்கிடுறோம். உடம்பு அப்படி நெனைக்கிறதில்ல. தழும்புல பழைய கயிறு இத்துக்கிட்டே இருக்கும், உடம்பு புதுசு திரிச்சு அந்த எடத்துல போட்டுக்கிட்டே இருக்கும். நாம தூங்குறப்பவும்தான். திரிக்கிறத நிறுத்துனா, அன்னைக்கு வெட்டுன எடம் இன்னைக்கு வெட்டுன மாதிரி விட்டுப்போவும்."

கிதர் முகம்மது மெதுவாக இடதுகையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கத்தி வழுக்கிய அந்தக் குறுக்குக் கோடு. அது பட்ட நாளில் அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தா மௌத்தாகி அடக்கமானார், நிக்காஹ் நடந்தது, மகள் பிறந்தாள், அவளுக்கும் நிக்காஹ் நடந்தது. இந்தக் கை எத்தனையோ தோலை இடமும் வலமும் வீசியது. அத்தனை காலமும் இந்தக் கோட்டுக்குள் யாரோ உட்கார்ந்து, விடாமல் கயிறு திரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் ஏவவில்லை, கேட்கவில்லை, ஒருநாள் நன்றியும் சொல்லவில்லை. அவர் மறந்த காயத்தை அது மறக்கவில்லை.

"சுபுஹானல்லாஹ்," என்றார்.

இனிகோ எல்லாவற்றையும் சொல்ல, டாக்டரம்மா முன்பே எடுத்திருந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கொஞ்ச காலத்துக்கு டப்பாவும் மாத்திரையும் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும் என்றார். "ஆனா சோத்தத் தள்ளிட்டு டப்பாவ நம்பாதீங்க. ரெண்டும் சாப்பாட்டுலயே இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில் சைதூன் ஆட்டோவை மார்க்கெட்டில் நிறுத்தச் சொன்னாள். கிதர் முகம்மது வண்டியிலேயே இருந்தார். அவள் திரும்பி வந்தபோது பையில் முட்டை அட்டை, நெல்லிக்காய், எலுமிச்சை, பாசிப்பயறு, கால் கிலோ கறி. பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா எனக்குக் கெட்டது சொல்லித் தரலங்க," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

"நான் மட்டும் என்ன? கால ஊறப்போட்டுப் பதம் பண்ணினேன்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான்.

அன்று மதியம் அவித்த முட்டையை அவர் தட்டுவரை கொண்டுபோய், ஒருமுறை திரும்ப எடுத்துக்கொண்டாள். பிஸ்மில்லா சொல்லி வைத்தாள். அவர் பிஸ்மில்லா சொல்லித் தின்றார். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போதே சீழ் வைத்துவிடுமோ என்பதுபோல. கால் பேசாமல் இருந்தது.

அடுத்து வந்த வாரங்களில் நடந்ததை அவர் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்ல வார்த்தை அகப்படவில்லை. இனிகோ துணியைப் பிரிக்கப் பிரிக்க, அந்த வெளிறிய தரையில் முதலில் ஓரிடத்தில் சிவப்பு துளிர்த்தது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒருநாள் பார்த்தால் தரை முழுக்க மாதுளை முத்தைப் பரப்பின மாதிரி, சின்னச் சின்னச் சிவப்பு மணிகள், ஈரமாக, மினுமினுப்பாக. அவர் தொழிலில் ஈரம் என்றால் அழுகல். இங்கே ஈரத்தில்தான் எல்லாம் நடந்தது.

"தொட்டா ரத்தம் வரும் பாய், கைய எடுங்க," என்றான் இனிகோ.

"தொடலப்பா. பாக்கத்தான் செய்யுறேன்."

"ஓரத்தப் பாருங்க."

புண்ணின் கரையிலிருந்து, பாலாடை மாதிரி மெல்லிசாக, நீலமா வெள்ளையா என்று சொல்ல முடியாத ஒரு விளிம்பு உள்ளே இறங்கிவந்துகொண்டிருந்தது. எறும்பு நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் வந்துகொண்டிருந்தது. ஆயுசு முழுக்க நெய்து முடித்த துணியையே மடியில் போட்டுப் பார்த்தவருக்கு, தறியை யாரோ முதன்முதலாகத் திறந்துகாட்டின மாதிரி இருந்தது. அதுவும் தன் காலிலேயே.

வீட்டில் ஃபாரிஸும் மஹ்ஜபீனும் வெற்றி யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள்.

"சதை ஏறியிருக்குன்னா அது அமினோதான் மாமா."

"ஓரம் புடிச்சிருக்குன்னா அது சி தான் அத்தா."

"ரெண்டு பேரும் போங்க," என்றார். "ஒங்கம்மா முட்டையும் நெல்லிக்காயும் வச்சு ரெண்டு பேத்தையும் தோக்கடிச்சிட்டா."

ஆனால் நடு அகலம் அதிகம். ஓரம் வந்துசேர மாதக்கணக்காகும், அதற்குள் தழும்பு சுருங்கிக் காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. "தரை அருமையா இருக்கு. இப்ப தோல் வச்சா அப்படியே ஒட்டிக்கும். தொடையிலேர்ந்து எடுத்துரலாமா?"

சைதூன் அவர் முகத்தைப் பார்த்தாள். உரிக்க விட்டுராத என்று கெஞ்சிய மனுஷர். வேண்டாம் என்று அவருக்குப் பதிலாகச் சொல்லிவிட அவள் வாயெடுத்துவிட்டாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இனிகோவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. எடுத்த எடம் என்னாவும்?"

"திரும்ப வந்துரும் பாய்."

"எங்கேர்ந்து வரும்? அங்க ஓரமே தள்ளி இருக்குமே."

"ஓரத்துலேர்ந்து மட்டும் வராது. மேலாப்புலதான சீவுறோம், முடியோட வேரு அடியில அப்படியே இருக்கும். ஒவ்வொரு முடிக்குழிக்குள்ளேர்ந்தும் தோல் மொளைச்சு மேல வந்து, பக்கத்துக் குழியில மொளைச்சதோட போயி சேந்துக்கும். விதை விதைச்ச மாதிரி, இடம் பூராம் ஒரே நேரத்துல."

கிதர் முகம்மதுவுக்கு ஷாப் நினைவுக்கு வந்தது. அங்கே ஊறப்போட்டு எடுத்ததும் செய்கிற வேலையே முடியைக் கழிப்பது. சுண்ணாம்புக் குழி இருப்பதே அதற்குத்தான். முடி போன பிறகு தோலின்மேல் புள்ளி புள்ளியாக நிற்குமே, வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கருகே பிடித்து அழகு பார்ப்பார்களே, அந்தப் புள்ளிகளா? அவற்றுக்குள்ளா?

"அம்புட்டுலேர்ந்துமா?"

"அம்புட்டுலேர்ந்தும்."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எடுத்துக்கங்கம்மா."

எடுத்தார்கள். வைத்தார்கள். வைத்தது ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் மனசெல்லாம் எடுத்த இடத்திலேயே கிடந்தது. முதல் சில நாள் காலைவிடத் தொடைதான் எரிந்தது. அங்கே ஒட்டியிருந்த மெல்லிய வலைத்துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது, தானாக விழும் என்று சொல்லியிருந்தான் இனிகோ. இழுக்கவில்லை. சைதூன் முட்டை வைத்தாள், நெல்லிக்காய் வைத்தாள், ஆணக் குழம்பில் கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினாள். ஃபாரிஸின் டப்பா தீர்ந்தது, மஹ்ஜபீனின் அட்டை தீர்ந்தது. ஒரு காலையில் குளித்துவிட்டு வரும்போது துணி ஓரம் சுருண்டு, காய்ந்த இலை மாதிரி தானாகக் கழன்று விழுந்தது. கீழே இளஞ்சிவப்பாக, குழந்தையின் கன்னம் மாதிரி ஒரு தோல்.

"சைதூன்," என்று கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் மெல்லத் தொட்டாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல. கூசுது."

மறுபடி ஷாப்புக்குப் போன நாளில், எல்லோரும் காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். டிரம் பக்கத்தில் நிற்கும் சிலுவைமுத்து அவர் பாணியிலேயே தரம் சொன்னான்: "ஒட்டுப்போட்ட தோலு. ரெண்டாம் தரம்தான் பாய், எடதுபக்கம் போய் உக்காருங்க." சிரிப்புக்கு நடுவே அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

முதல் தோலை உருவி மடியில் விரித்தார். கட்டைவிரல் ஓடியது, தட்டியது. சாணார்பட்டி முள். கீறி, ஆறி, தடித்த வரிகள். ஆடு அறுபடுகிற நாள்வரைக்கும் அந்த வரிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் கயிறு திரிக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி, எண்ணி மாளாத புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு விதைக்குழி. ஓர் உடம்பின்மேல் இத்தனையா என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், ரொம்ப நேரமாப் பாக்குறீங்க," என்றான் சிலுவைமுத்து. "அது எந்தப் பக்கம்?"

கிதர் முகம்மது தோலை இறக்கினார். தரம் தரம்தான், அதை மாற்ற அவரால் ஆகாது. தோலை இடதுபக்கம்தான் போட வேண்டும். ஆனால் அன்று அவர் அதை வீசவில்லை. எட்டிக் குனிந்து, சுருக்கமில்லாமல் விரித்து வைத்தார்.